ருமேனியாக்காரங்க யாரு, அவங்க பாட்டும் கூத்தும் எங்கேருந்து வந்துச்சு: அடிக்கடி கேக்கப்படுற கேள்விகள்

முன்னாடி ஆபீஸ்ல என் கூட ருமேனியாவுல இருக்குற க்ளூஜ் ஊர்க்காரர் ஒருத்தர் வேல பாத்தாரு. ஒரு மார்ச் 1ஆம் தேதி எல்லார் டேபிள்லயும் செவப்பும் வெள்ளையும் முறுக்குன நூல் ஒண்ணு வச்சிட்டுப் போனாரு. இது என்னன்னு கேட்டதுல ஆரம்பிச்சது, அப்புறம் சில வருஷம் இதையே படிச்சிட்டிருந்தேன். ஃப்ரெண்ட்ஸ் திரும்பத் திரும்ப கேக்குறத எல்லாம் ஒரே எடத்துல எழுதி வச்சிடலாம்னுதான் இது.

கே: ருமேனியாக்காரங்கன்னா ஜிப்சிங்கதானே?

இல்ல. இதத்தான் எல்லாரும் மொதல்ல கேப்பாங்க. ருமேனியான்ற பேரு ரோம் நகரத்துலேருந்து வந்தது, அவங்க மொழில தங்கள "ரோமன்"னு சொல்லிக்கிறாங்க. ஜிப்சின்னு வெளிய சொல்ற மக்கள் தங்கள "ரோமா"ன்னு சொல்லிக்கிறாங்க, அது அவங்க பாஷைல ஆம்பளன்னோ புருஷன்னோ அர்த்தம் வர்ற "ரோம்"ன்ற வார்த்தை. ரெண்டுக்கும் சம்பந்தமே கெடையாது, சத்தம் ஒரே மாதிரி இருக்கு அவ்ளோதான். ரோமா மக்கள் ருமேனியாவுல ஒரு சிறுபான்மை, 2021 சென்சஸ்ல சுமார் 5.7 லட்சம் பேர் பதிவாகியிருக்காங்க, நெஜமான எண்ணிக்கை இதுக்கு மேலன்னு எல்லாரும் ஒத்துக்கறாங்க, ஏன்னா நான் ரோமான்னு வெளிய சொல்ல நெறைய பேர் தயங்குவாங்க. ஆனா ருமேனிய நாட்டுப்புற இசைய எடுத்துக்கிட்டா இந்த ரெண்டு பேரையும் பிரிச்சு வைக்கவே முடியாது. அதுக்கு கீழ வர்றேன்.

கே: அப்ப ருமேனியர்ங்க யாரு? ரோமானியர் வாரிசா?

ஸ்கூல் புக் கதை இப்படிப் போகும். கார்பேத்தியன் மலைப் பக்கம் டேசியர்னு ஒரு மக்கள் இருந்தாங்க, ராஜா பேரு டெசிபாலஸ். ரோம் பேரரசர் டிராஜன் 101-102லயும் 105-106லயும் ரெண்டு தடவ படையெடுத்து ஜெயிச்சாரு, டெசிபாலஸ் பிடிபடாம தற்கொல பண்ணிக்கிட்டாரு. அந்தப் போர் முழுக்க ரோம்ல டிராஜன் தூண்ல சுத்திச் சுத்தி செதுக்கியிருக்கு, இன்னைக்கும் போய் பாக்கலாம். அப்புறம் ரோம் அங்க நூத்தி அறுபது எழுபது வருஷம் ஆண்டுச்சு, 270கள்ல பேரரசர் ஆரேலியன் படைய டான்யூபுக்குத் தெக்க வாபஸ் வாங்கிட்டாரு. டேசியரும் ரோமானியரும் கலந்ததுல பொறந்தவங்கதான் ருமேனியர்.

பிரச்சனை அதுக்கப்புறம்தான். வாபஸ் ஆனப்புறம் பல நூறு வருஷத்துக்கு இந்த மக்கள் எங்க இருந்தாங்கன்னு எழுத்துல தெளிவா எதுவும் கெடையாது. ருமேனிய வரலாற்று ஆளுங்க "மலையில ஆடு மேச்சுக்கிட்டு அங்கயேதான் இருந்தாங்க"ன்னு சொல்றாங்க. ஹங்கேரி பக்கத்து ஆளுங்க "இல்ல, டான்யூபுக்குத் தெக்க பால்கன்ல உருவாகி அப்புறமா வடக்க ஏறி வந்தவங்க"ன்னு சொல்றாங்க, 1871ல ரோஸ்லர்னு ஒரு ஆஸ்திரிய அறிஞர் இத புத்தகமாவே எழுதுனாரு. இது ஏதோ பழைய காலத்து வெட்டிச் சண்டைன்னு நெனைக்காதீங்க, இப்ப ருமேனியாவுக்குள்ள இருக்குற டிரான்சில்வேனியா யாருக்குச் சொந்தம்ன்றதுதான் அடியில ஓடுற கேள்வி, யாரு மொதல்ல வந்தாங்களோ அவங்களுக்குத்தான் பாத்தியதைன்னு ரெண்டு பக்கமும் நெனச்சாங்க. என்னக் கேட்டா ரெண்டு பக்கத்துலயும் கொஞ்சம் உண்மை இருக்கலாம், ஆடு மேய்க்கிறவங்க ஒரே எடத்துல உக்காந்திருக்க மாட்டாங்கல்ல. இன்னைக்கும் கிரீஸ், அல்பேனியா, வட மாசிடோனியா மலைகள்ல ருமேனியனுக்கு ரொம்ப நெருக்கமான மொழி பேசுற அரோமானியர்ங்க இருக்காங்க, அக்கம்பக்கத்துல அவங்கள "வ்லாக்"னு கூப்பிடுவாங்க.

கே: மொழி ரஷ்யன் மாதிரியா?

இல்லங்க, லத்தீன் குடும்பம். இத்தாலியன், ஸ்பானிஷ் கூட்டம். ஆனா சுத்தியும் ஸ்லாவ் மக்கள், அதனால ஆமான்னு சொல்ல "டா", காதலுக்கு "டிராகோஸ்தே", நண்பனுக்கு "பிரியேத்தென்", இதெல்லாம் ஸ்லாவ்லேருந்து வந்தது. நகரம்ன்ற வார்த்தை ஹங்கேரியன்லேருந்து. புளிச் சூப்புக்கு "சோர்பா", அது துருக்கி. சீஸுக்கு "பிரின்ஸா", அது ரோமுக்கும் முந்தின வார்த்தையா இருக்கும்னு சொல்றாங்க. பாருங்க, காதல் ஸ்லாவ் கிட்டேருந்து, சூப்பு துருக்கிக்காரங்க கிட்டேருந்து, சீஸ் மட்டும் சொந்த சரக்கு! 1860கள் வரைக்கும் ரஷ்யன் மாதிரி சிரிலிக் எழுத்துலதான் எழுதிட்டிருந்தாங்க, நமக்குக் கெடச்ச பழைய ருமேனிய எழுத்துன்னா 1521ல நியாக்ஷுன்னு ஒருத்தர் ப்ரஷோவ் நகரத் தலைவருக்கு "துருக்கிப் படை வருது"ன்னு எழுதுன கடிதம், அதுவும் சிரிலிக்தான்.

கே: டிரான்சில்வேனியால ஜெர்மன் பேர்ல ஊர் இருக்கே, ஏன்?

12ஆம் நூற்றாண்டுல ஹங்கேரி ராஜா இரண்டாம் கேசா எல்லையக் காக்கவும் நிலத்தத் திருத்தவும் ஜெர்மன் பேசுறவங்கள கூப்பிட்டு குடியமர்த்துனாரு. அவங்களுக்கு சாக்ஸன்னு பேரு. சிபியூ, ப்ரஷோவ், சிகிஷோவாரா எல்லாம் அவங்க கட்டுன ஊருங்க. அவங்க கிராமத்துல சர்ச்சச் சுத்தியே கோட்ட மதில் எழுப்பி, துருக்கிப் படையும் தாத்தார் படையும் வந்தா மொத்த ஊரும் தானிய மூட்டையோட உள்ள போயிடும், பியெர்தான், விஸ்க்ரி ரெண்டும் அதுல ரொம்பப் பேரு எடுத்தது. கிழக்குப் பக்கம் ஹர்கிதா, கோவாஸ்னா மாவட்டங்கள்ல ஹங்கேரியன் பேசுற செக்லர்ங்க, அவங்க வீட்டு வாசல்ல செதுக்கி வச்ச மரக் கேட்டு ஒண்ணே போதும், இது செக்லர் ஊருன்னு சொல்லிடலாம். நாடு முழுக்க ஹங்கேரியர்ங்க சுமார் 10 லட்சம்.

கசப்பு என்னன்னா 1437ல குடியானவங்க கலகம் பண்ணப்ப ஹங்கேரி பிரபுக்கள், செக்லர், சாக்ஸன் மூணு பேரும் கூட்டு சேர்ந்தாங்க, அடுத்த வருஷம் அது "மூணு இனங்களோட ஒன்றியம்" ஆச்சு. எண்ணிக்கைல பெரிய கூட்டமா இருந்த ருமேனியக் குடியானவன் அந்த மூணுல இல்ல, அவன் ஆர்த்தடாக்ஸ் மதமும் வெறும் சகிச்சுக்கப்பட்ட மதம். 1784ல ஹோரியா, க்ளோஷ்கா, க்ரிஷான் மூணு பேர் தலைமைல பெரிய கலகம் வெடிச்சது, மொத ரெண்டு பேரையும் சக்கரத்துல கட்டி எலும்ப நொறுக்கிக் கொன்னாங்க, மூணாமவர் ஜெயில்லயே செத்தாரு. 1918 டிசம்பர் 1 டிரான்சில்வேனியா ருமேனியர்ங்க ஆல்பா யூலியால கூட்டம் போட்டு ருமேனியாவோட சேர்றோம்னு அறிவிச்சாங்க, இன்னைக்கு அதான் தேசிய நாள்.

சாக்ஸன்ங்க இப்ப ரொம்பக் கம்மி. 1930ல நாடு முழுக்க ஜெர்மன்காரங்க ஏழு லட்சத்துக்கு மேல, 2021ல சுமார் 23 ஆயிரம். கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌசெஸ்கு ஆட்சில மேற்கு ஜெர்மனி தலைக்கு இவ்ளோன்னு காசு குடுத்து அவங்கள வாங்கிட்டுப் போச்சு, சும்மா அடிச்சு விடல, நெஜமாவே நடந்தது. மிச்சவங்க 1990க்கு அப்புறம் கெளம்பிட்டாங்க. அந்தக் கொஞ்சப் பேர்ல ஒருத்தரத்தான், சிபியூ மேயரா இருந்த க்ளாஸ் யோஹானிஸ, 2014ல ஜனாதிபதியா தேர்ந்தெடுத்தாங்க.

கே: டிராகுலா?

வந்துட்டீங்களா! மூணாம் வ்லாத், 15ஆம் நூற்றாண்டு, ஆண்டது தெக்க இருக்குற வல்லாக்கியா, டிரான்சில்வேனியா இல்ல. அப்பா டிராகன் சங்கத்துல சேந்ததால "டிராகுல்", மகன் டிராகுலா. எதிரிங்கள கழுவேத்துனது உண்மை, ரத்தம் குடிச்சது கத. நாவல் எழுதுன ப்ராம் ஸ்டோக்கர் ருமேனியா பக்கமே போனதில்ல. கிராமத்துல "ஸ்திரிகோய்"னு எந்திரிச்சு வர்ற பொணத்து மேல பயம் உண்டு, ஆனா அது கோட்டு சூட்டு போட்ட பிரபு கெடையாது, உங்க பக்கத்து வீட்டு செத்துப்போன பெரியப்பா. அடுத்த கேள்வி.

கே: ருமேனிய நாட்டுப்புற இசைன்னு வாசிக்கிறவங்க எல்லாம் ரோமாக்காரங்களாவே இருக்காங்களே, ஏன்?

இதுக்குத்தான் மேல வர்றேன்னு சொன்னேன். ரோமா மக்கள் வட இந்தியாவுலேருந்து ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கெளம்புனவங்க, அவங்க மொழியே சாட்சி. தண்ணிக்கு "பானி", மூக்குக்கு "நாக்", காதுக்கு "கான்", எண்ணுறப்ப யெக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச். கொஞ்சம் ஹிந்தி தெரிஞ்சாலே காது நிமிரும். ஏழு எட்டு ஒம்போது மட்டும் கிரேக்க வார்த்தை, ஏன்னா வழியில கிரேக்கம் பேசுற பைசாண்டியம் நாட்டுல ரொம்ப நாள் தங்கியிருந்தாங்க.

வல்லாக்கியாவுலயும் கிழக்கால இருக்குற மோல்டாவியாவுலயும் அவங்கள அடிமையா வச்சிருந்தாங்க. அடிமைன்னா சும்மா கஷ்டப்பட்டாங்கன்னு சொல்றதுக்காக இல்ல, நெஜமாவே வாங்குறது விக்கிறது சீர் குடுக்குறது எல்லாம். 1385ல வல்லாக்கியா ராஜா ஒரு மடத்துக்கு 40 குடும்பத்த தானமா உறுதிப்படுத்துன ஓலை இருக்கு. அரசன் அடிமை, மடத்து அடிமை, பிரபு அடிமைன்னு மூணு வகை. பழைய பத்திரங்கள்ல "த்ஸிகான்"ன்ற வார்த்தையும் அடிமையும் ஒண்ணாவே வரும், அதனாலதான் இன்னைக்கும் அந்த வார்த்தை வசவு. மோல்டாவியால 1855 கடைசிலயும் வல்லாக்கியால 1856லயும்தான் முழுசா ஒழிச்சாங்க, அதாவது கிட்டத்தட்ட 500 வருஷம். அப்புறமும் விடல, 1942ல போர்க்கால சர்வாதிகாரி அன்டொனெஸ்குவோட அரசாங்கம் சுமார் 25 ஆயிரம் ரோமாக்கள டினிஸ்டர் ஆத்துக்கு அந்தப் பக்கம் டிரான்ஸ்னிஸ்ட்ரியாவுக்கு விரட்டுச்சு, பசிலயும் டைஃபஸ்லயும் குளிர்லயும் 11 ஆயிரம் பேர் போல செத்தாங்க.

அந்த அடிமைங்கள்ல கொல்லன், தங்கம் அரிக்கிறவன், கரடி ஆட்டுறவன்னு தொழில் தொழிலா பிரிவு உண்டு, அதுல ஒண்ணு "லௌதாரி", வாசிக்கிறவங்க. பிரபு வீட்டு விருந்துலயும் குடியானவன் கல்யாணத்துலயும் அவங்கதான் வாசிக்கணும். வயலின், கோப்ஸான்ற குட்டை வீணை, குச்சியால தட்டுற த்ஸம்பால், மூங்கில் கொழல வரிசையா கட்டுன நாய் (நாய்னா அந்தக் கொழல் பேருங்க, குரைக்கிறது இல்ல). கேக்குறவன் ருமேனியன்னா அவன் ஊர் ஹோரா (வட்டமா கை கோத்து ஆடுற ஆட்டம்), யூதர் கல்யாணம்னா யூதர் பாட்டு, துருக்கிக்காரன் பாணியும் கைவசம். அப்பன் கிட்ட பிள்ளை காதால கேட்டே கத்துக்கிட்டான், நோட்டுப் பொஸ்தகம் கெடையாது. ஒரு ஊர்க் கல்யாணத்துல இன்ன சடங்குக்கு இன்ன மெட்டுன்னு முழு வரிசையும் மனசுல வச்சிருந்தவன் அந்த ஊர்க் குடியானவன விட லௌதார்தான்.

புக்கரெஸ்ட்ல பொறந்த க்ரிகோராஷ் டினிக்கு (1889-1949) அந்தப் பரம்பரைலேருந்து வந்து உலக மேடை ஏறுன வயலின்காரர். 1990கள்லேருந்து க்ளெஜானின்ற கிராமத்துலேருந்து டாராஃப் டி ஹைடூக்ஸ் குழுவும், மோல்டாவியாவுல ஸெச்சே ப்ரஷினின்ற கிராமத்துலேருந்து ஃபன்ஃபாரா சொக்கர்லியான்ற பித்தள வாத்திய குழுவும் ஐரோப்பா முழுக்க சுத்துனாங்க. இதுல எனக்குக் கோவம் வர்ற விஷயம் என்னன்னா, எங்க தேச இசைன்னு பெருமையா டிவில போடுவாங்க, வாசிச்சவனப் பத்திக் கேட்டா மூஞ்சிய திருப்பிக்குவாங்க. இப்ப ரோமாக்காரங்க பாடுற "மனேலே"ன்ற பார்ட்டி பாட்டு ஒண்ணு இருக்கு, படிச்சவங்க அத கேவலம்னு திட்டுவாங்க, அவங்க வீட்டுக் கல்யாணத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு அதான் ஓடும்.

கே: டோய்னான்னா என்ன ராகமா?

ராகம் இல்ல, பாடுற விதம். தாளக்கட்டு கெடையாது, மூச்சு போற போக்குல இழுத்து இழுத்து ஒருத்தர் தனியா பாடுறது. ஆடு மேய்க்கிற எடத்துல, பட்டாளத்துக்குப் போறப்ப, புருஷன் வீட்டுக்குப் போன பொண்ணு மனசு கனத்தப்ப. இதுல வர்ற "தோர்"ன்ற வார்த்தைய அவங்க ஒரே வார்த்தைல விளக்க மாட்டாங்க, ஏக்கம் வலி ஆச எல்லாம் சேந்தது. 2009ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏத்துனாங்க. பேலா பார்டோக்குன்னு ஹங்கேரி இசை மேதை, இப்ப ருமேனியாவுல இருக்குற ஊர்ல பொறந்தவர், 1909லேருந்து ஃபோனோகிராஃப்ன்ற ஒலிப்பதிவு மெஷினத் தூக்கிட்டு ருமேனிய கிராமங்கள்ல அலஞ்சு ஆயிரக்கணக்குல மெட்டு சேத்தாரு. மாரமுரேஷ்ல இந்த டோய்னா வகையக் கேட்டாரு, அதே 1913ல அல்ஜீரியா போனா அங்கயும் இதுக்குச் சொந்தக்காரன் மாதிரி ஒண்ணு. அதுக்கு அவருக்குக் கெடச்சது என்னன்னா 1920ல அவர் சொந்த நாட்டுக்காரங்களே "ருமேனியாக்காரனுக்கு வேல பாக்குற ஆளு"ன்னு பத்திரிகைல திட்டுனாங்க.

கே: மியோரிட்சா கதைய ஏன் அவ்ளோ பெருசா பேசுறாங்க?

இது ஒரு நாட்டுப்புறக் கதப்பாட்டு, கத சின்னது. மூணு இடையர்ங்க மலைலேருந்து மந்தையோட எறங்குறாங்க, ஒருத்தன் மோல்டாவியா, ஒருத்தன் டிரான்சில்வேனியா, ஒருத்தன் வ்ரான்சியா. மோல்டாவியாக்காரன் கிட்ட ஆடு ஜாஸ்தி, நாயும் நல்ல நாயி. மத்த ரெண்டு பேரும் பொழுது சாஞ்சதும் அவனக் கொன்னுடலாம்னு பேசிக்கிறாங்க. ஒரு குட்டி ஆடு வந்து அவன் கிட்ட சொல்லிடுது. அவன் ஓடல, கத்தியும் எடுக்கல. அப்படி நடந்தா என்ன பட்டி பக்கத்துலயே பொதைக்கச் சொல்லு, தலைமாட்டுல என் புல்லாங்கொழல வை, காத்து அடிச்சா அது பாடும்னு சொல்றான். ஆடுங்க கிட்ட செத்தேன்னு சொல்லாத, கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னு சொல்லு, சூரியனும் நிலாவும் கிரீடம் புடிச்சாங்க, தேவதாரு மரங்க விருந்தாளி, மலைங்க பாதிரியார், பறவைங்க மேளக்காரன்னு அடுக்குறான்.

வஸீலே அலெக்ஸாந்த்ரின்ற கவிஞர் 1850ல இத அச்சுல போட்டாரு, அவர் கொஞ்சம் தேச்சு மெருகு போட்டுத்தான் குடுத்தாருன்றது ஊரறிஞ்ச விஷயம். அப்புறம் படிச்சவங்க எல்லாம் "பாருங்க, ருமேனியன் விதிய ஏத்துக்கறவன்"னு நூறு வருஷமா தத்துவம் பேசிட்டிருக்காங்க. எனக்கு இது சுத்தமா ஒத்துவரல. அங்க கல்யாணம் ஆகாம செத்த பையனுக்கும் பொண்ணுக்கும் சாவுலயே கல்யாணச் சடங்கு பண்ற பழக்கம் நெஜமா உண்டு, கல்யாணத் துணி உடுத்தி, ஒரு தேவதாரு மரத்த வெட்டி அலங்கரிச்சு கூட எடுத்துட்டுப் போவாங்க. அத தெரிஞ்சுக்கிட்டு பாட்டப் படிச்சா விதி கிதி ஒண்ணும் இல்ல, ஒரு சின்னப் பையன் எனக்கு செய்ய வேண்டியத ஒழுங்கா செஞ்சிடுங்கன்னு கேக்குறான். ஆயிரத்துக்கு மேல வடிவங்கள் பதிவாயிருக்கு, டிரான்சில்வேனியாவுல இதயே கிறிஸ்துமஸ் பாட்டா பாடுறாங்க.

கே: செவுத்துக்குள்ள பொண்டாட்டிய வச்சுக் கட்டுன கத?

மேஸ்திரி மனோலே. பகல்ல கட்டுன சர்ச் செவரு ராத்திரி இடிஞ்சு விழுது, மொதல்ல சாப்பாடு எடுத்துட்டு வர்ற பொம்பளைய உள்ள வச்சுக் கட்டுனாத்தான் நிக்கும்னு கனவு. வந்தது மனோலேயோட பொண்டாட்டி, பேரு ஆனா. அவள தடுக்க அவன் மழை வரணும் காத்து வரணும்னு வேண்டுறான், ரெண்டும் வருது, அவ நிக்காம வந்துட்டே இருக்கா. வெளையாட்டுன்னு சொல்லி கட்ட ஆரம்பிக்கிறாங்க. கத சொல்ற எடம் கூர்த்தியா தே ஆர்ஜெஷ் சர்ச், நெஜத்துல அத நியாகோயே பசராப் கட்டி 1517ல திறந்தாரு. இதே கத செர்பியாவுல கோட்டைக்கு, கிரீஸ்ல ஆர்த்தா பாலத்துக்கு. அந்தப் பக்கமெல்லாம் கொத்தனாருங்க வழில போறவன் நெழல அவனுக்குத் தெரியாம நூலால அளந்து அந்த நூல அஸ்திவாரத்துல வச்சுடுவாங்க, அந்த ஆளு சீக்கிரம் செத்துடுவான்னு நம்பிக்கை.

கே: குச்சி வச்சு ஆடுற ஆம்பளைங்க ஆட்டம் ஒரு வீடியோல பாத்தேன், அது என்ன?

கலுஷ். தெக்க ஒல்த்தேனியா பக்கம் ரொம்ப. ஈஸ்டருக்கு அம்பது நாள் கழிச்சு வர்ற ருஸாலி வாரத்துல ஒத்தப்பட எண்ணிக்கைல ஆம்பளைங்க கூடி, ஒரு கம்பத்துல பூண்டும் மாசிப்பச்சை மாதிரி கசப்பு மூலிகையும் துணியும் கட்டி, அது கீழ சத்தியம் பண்ணிட்டு வீடு வீடா போய் ஆடுவாங்க. கால்ல சலங்கை, கைல குச்சி. ஒருத்தன் மட்டும் ஊம, முகமூடி போட்டுட்டு கோமாளித்தனம் பண்ணுவான், பேசவே கூடாது. "இயேலே"ன்ற காத்து தேவதைங்க புடிச்சு படுத்துட்டவன நடுவுல போட்டு சுத்தி ஆடி, தாண்டி, பானைய ஒடச்சு எழுப்புவாங்க. 1716 வாக்குல மோல்டாவியா இளவரசர் டிமித்ரியே கான்தெமிர் லத்தீன்ல எழுதுன புத்தகத்துலயே இது இருக்கு, அப்ப பொம்பள வேஷம் கட்டி வெள்ளத் துணியால மூஞ்சிய மூடிட்டு ஆடுனாங்களாம், சேந்தா ஒம்போது வருஷம் விடக்கூடாதாம். சர்ச்சுக்கு இது புடிக்கல, ஆனா ஒண்ணும் பண்ண முடியல.

கே: அந்த செவப்பு வெள்ள நூலு?

மர்த்ஸிஷோர், குட்டி மார்ச்னு அர்த்தம். மார்ச் 1 குடுக்கணும், கைல இல்ல சட்டைல கட்டிக்கணும், மரம் பூத்ததும் கெளைல கட்டிடணும். பல்கேரியாவுலயும் இருக்கு, 2017ல நாலு நாடு சேந்துதான் யுனெஸ்கோவுல போட்டாங்க. கூடவே டோக்கியா கெழவி கத, வெயில் வந்துச்சேன்னு மேல போட்ட தோல் கோட்டு ஒவ்வொண்ணா கழட்டி, கடைசில பனி வந்து கல்லா ஒறஞ்சு போனவ. மார்ச் 1லேருந்து 9 வரைக்கும் ஒரு தேதிய நீங்க எடுத்துக்கணும், அன்னைக்கு வானிலை எப்படியோ உங்க வருஷம் அப்படி. நான் எடுத்த 4ஆம் தேதி நாள் பூரா மேகமூட்டம், அந்த க்ளூஜ்காரர் சிரிச்சிட்டே "சாரி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

கே: அந்த வெள்ள எம்ப்ராய்டரி சட்டை?

ஈயே. துணிய நேர் நேர் துண்டா வெட்டித் தைக்கிறது, ஒரு இஞ்ச் வீணாகாது. அடையாளமே தோள்பட்டை மேல வர்ற "அல்திட்ஸா"ன்ற பட்டை, அது கீழ ஒரே கலர்ல சுருக்கம், அப்புறம் கை நீளத்துக்கு "ஆறுகள்"னு கோடு கோடா எறங்கும். சின்னப் பொண்ணுங்களுக்கு செவப்பு, வயசாக ஆக கலர் அடங்கும். சிபியூ பக்கத்து இடையர் கிராமங்கள்ல வெறும் கருப்பு வெள்ளதான், அவ்ளோ கம்பீரம். 1940ல பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் வரைஞ்ச ஓவியத்துல இருக்குறது இதான். 2022ல யுனெஸ்கோவும் ஏத்துச்சு.

கே: சாப்பாடு?

மமலிகா, மக்காச்சோளக் களி. ஆதிகாலத்து உணவுன்னு நெனச்சுடாதீங்க, மக்காச்சோளமே அமெரிக்காவுலேருந்து வந்தது, அங்க பரவுனது 17ஆம் நூற்றாண்டுலதான். சர்மாலே, புளிச்ச முட்டைக்கோஸ் எலைல கறி சுத்துனது, பேரு துருக்கிலேருந்து, உள்ள இருக்குறது பன்னிக்கறி!

கே: கம்யூனிஸ்ட் ஆட்சில இதெல்லாம் அழிஞ்சுதா?

அழிக்கவும் செஞ்சாங்க, ஷோகேஸ்லயும் வச்சாங்க. 1949லேருந்து 1962 வரைக்கும் நெலத்தப் புடுங்கி கூட்டுப்பண்ண ஆக்குனாங்க, எதுத்தவன் ஜெயிலுக்குப் போனான். நெலம் போனா விதைப்புச் சடங்கு அறுப்புச் சடங்கு யாருக்கு? கிறிஸ்துமஸ் தாத்தாவயே மாத்தி "குளிர்த் தாத்தா"ன்னு ஒருத்தர கொண்டு வந்தாங்க. இன்னொரு பக்கம் 1976லேருந்து "ருமேனியாவப் பாடுவோம்"னு மாபெரும் விழா, ஃபேக்டரிக்காரன் ஸ்கூல் பசங்க எல்லாம் ஒரே மாதிரி எம்ப்ராய்டரி போட்டு வரிசையா ஆடணும், தலைவர வாழ்த்தணும். இன்னைக்கு டிவில பாக்குற பளபள நாட்டுப்புற நடனம் பாதி அதோட மிச்சம்தான். 1988ல ஆயிரக்கணக்கான கிராமங்கள இடிச்சு அடுக்குமாடி கட்டுற திட்டம் போட்டாங்க, கொஞ்சம் இடிச்சும் புட்டாங்க, அடுத்த வருஷம் டிசம்பர்ல சௌசெஸ்குவே போயிட்டாரு. உண்மையா கிராமத்த மாத்துனது அப்புறம் இத்தாலி ஸ்பெயின் போன ஆளுங்க, ஓவாஷ் பக்கம் மர வீட்ட இடிச்சு மூணு மாடி வில்லா கட்டி பூட்டு போட்டிருக்கும், ஆகஸ்ட்ல லீவுக்கு வந்து கல்யாணம் எல்லாம் மொத்தமா நடத்திட்டு திரும்பப் போயிடுவாங்க. ஆனா அந்தக் கல்யாணத்துல பழைய காலத்துப் பாரம்பரியத் துணிய கட்டாம விட மாட்டாங்க, அதையும் சொல்லணும்.

கே: ஒரே ஒரு எடம் போகணும்னா எங்க?

பழைய வீடுங்கள பாக்கணும்னா புக்கரெஸ்ட்ல 1936ல டிமித்ரியே குஸ்தி ஆரம்பிச்ச கிராம மியூசியம், நாடு முழுக்கேருந்து நெஜ வீடுங்கள பிரிச்சு எடுத்துட்டு வந்து ஏரிக்கரைல திரும்ப நட்டு வச்சிருக்காங்க. ஒரே ஒரு எடம்னா நான் வடக்க மாரமுரேஷ்ல ஸபன்ட்ஸா கல்லறைக்குத்தான் கை காட்டுவேன். ஸ்தான் யோன் பத்ராஷுன்னு ஒரு மரச்சிற்பி 1935லேருந்து நீல பெயிண்ட் அடிச்ச சிலுவையில செத்தவங்க படத்தையும், அவங்களே பேசுற மாதிரி பாட்டையும் செதுக்குனாரு, குடிச்சே செத்தவன், கார்ல அடிபட்டவன், தறி நெய்யுறவ எல்லாரும் நான் இப்படி இருந்தேன்னு சொல்லுவாங்க. 1977ல அவர் செத்தப்புறம் சிஷ்யர் தொடர்ந்தாரு, இப்ப எண்ணூறுக்கு மேல இருக்கு. ஒண்ணு மாமியார் சிலுவை, அதுல மட்டும் பேசுறது உயிரோட இருக்குற ஆளு: மாமியார் இன்னும் மூணு நாள் உசுரோட இருந்திருந்தா நான் உள்ள படுத்திருப்பேன், அவ நின்னு இத படிச்சிட்டிருப்பா, யாரும் சத்தம் போட்டு எழுப்பிடாதீங்கன்னு.